மீனுக்கு ஒரு தொப்பி

புடவைக்குப் பொருத்தமாக ரவிக்கைத் துணி எடுக்கப் போகும்போது வீட்டுக்காரரைக் கூட அழைத்துப் போகக் கூடாது. இது நான் அநுபவத்தில் கண்ட பாடம். இரண்டாவது கடைப் படி ஏறும்போதே அவருக்கு முழங்கால் வலி வந்துவிடும். மூன்றாவது கடையில், "பச்சை என்றால் பச்சைதானே? இதில் கிளிப்பச்சை என்ன, பாசிப்பச்சை என்ன?" என்று கடைச் சிப்பந்தியின் காதில் விழும்படி கேட்டு நம் மானத்தை வாங்கிவிடுவார்.

இப்படிக் கேட்கிற ஆண்பிள்ளைகளை எல்லாம் உதகமண்டலத்தில் என் அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்த்தி வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த வீட்டு மாமா, ஒரு பழுப்பு இறகுக்கும் இன்னொரு பழுப்பு இறகுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் சளைக்காமல் பேசுவார். அந்த இறகை அணிந்துகொள்ளப் போவது ஒரு பெண் என்றாலும் பரவாயில்லை. ஒரு தூண்டில் முள்! அதைப் பார்த்து மயங்க வேண்டியது ஒரு மீன்!

சென்ற கோடை விடுமுறைக்கு அங்கே போயிருந்தபோது ஒரு நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அக்கா, "வா, அடுத்த வீட்டில் போய்ப் பேசிக்கொண்டிருக்கலாம்" என்றாள். போனோம். கூடத்து மேஜைமேல் ஒரு பழைய தகரப் பெட்டி திறந்து கிடந்தது. மாமா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு சின்ன இடுக்கியால் எதையோ எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"வாம்மா, உட்காரு. மேஜைமேலே கையை மட்டும் வெச்சுடாதே. எல்லாம் முள்ளு" என்றார்.

"காலையிலேருந்து இதே கூத்துதான்" என்றாள் உள்ளேயிருந்து வந்த மாமி. "பேரன் கேட்டானாம். பெண்ணுக்குச் சீர் வரிசை எடுத்து வைக்கிற மாதிரி எடுத்து எடுத்து வைக்கிறார்!"

விஷயம் இதுதான். இவர்களுடைய பேரன் இமாசலப் பிரதேசத்தில் குளு ஜில்லாவில் உத்தியோகமாக இருக்கிறான். அங்கே தீர்த்தன் என்று ஓர் ஆறு. பனி உருகி வரும் ஜிலுஜிலுத் தண்ணீர். அதில் டிரௌட் மீன் உண்டு. பிள்ளையாண்டான் புதிதாகத் தூண்டில் பிடிக்கப் பழகுகிறான். "தாத்தா, எதைப் போட்டால் மீன் வரும்?" என்று கேட்டு எழுதியிருக்கிறான். தாத்தா பார்சல் கட்டுகிறார்.

அஞ்சறைப் பெட்டி

மாமா ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அறுபதுகளில் சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை அந்தப் பெட்டியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அன்று பிடித்தது இந்தப் பித்து. அந்தக் காலத்தில் மீன் துறையில் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு அவலாஞ்சி, எமரால்டு என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் கிளம்பிவிடுவாராம்.

டிரௌட் நம் ஊர் மீன் அல்ல. குளிர்ந்து, தெளிந்து, ஓடுகிற தண்ணீர் இருந்தால்தான் அதற்கு மூச்சு விட முடியும். வெள்ளைக்காரர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காக இதை நீலகிரிக்குக் கொண்டுவர 1860-களிலேயே பிரயத்தனம் செய்தார்கள். முதல் முயற்சிகள் பலிக்கவில்லை. எச். சி. வில்ஸன் என்பவர் விடாமல் முயன்ற பிறகே மீன் நிலைத்தது. 1907-ஆம் ஆண்டில் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்பட்டது.

நான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியேதான்! கடுகு, மிளகு, சீரகம் இருக்க வேண்டிய அறைகளில் இறகு, நூல், தகடு, மரப் பொம்மை என்று விதவிதமாக இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு முள் மட்டும் ஒளிந்திருந்தது.

"இதெல்லாம் என்ன மாமா? புழுவைக் கோத்துப் போட்டால் மீன் வராதா?" என்று கேட்டேன்.

"வரும். ஆனால் அது இரை. இது இரையே இல்லை. இரை மாதிரி வேஷம். இங்கிலீஷ்லே 'லூர்'னு பேரு. ஆசை காட்டி இழுக்கிறதுன்னு அர்த்தம். நான் பொய் இரைன்னு சொல்வேன்" என்றார் மாமா.

பிறகு ஒவ்வோர் அறையாக எடுத்துக் காட்டினார்.

முதல் அறையில் இருந்தவை ஈக்கள். 'ப்ளை' என்கிறார்கள். கடுகளவிலிருந்து கடலையளவு வரையில், சின்ன முள்ளின்மேல் நூலும் இறகும் சுற்றிச் செய்தவை. சில தண்ணீர்மேல் மிதக்கும். சில நனைந்து அமிழும். இது நேற்று முளைத்த கலை அல்ல. 1496-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் அச்சான ஒரு நூல், எந்த மாதத்துக்கு எந்த ஈ என்று பன்னிரண்டு வகையைச் சொல்கிறது. அதை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னிகா மடத்துத் தலைவி என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பது ஆராய்ச்சிக்காரர்கள் கட்சி. எனக்கென்னவோ அந்த அம்மாளே எழுதியிருக்க வேண்டும் என்று ஆசை.

இரண்டாவது அறையில் சுழல் தகடுகள். ஒரு கம்பி; அதில் வேப்பிலை மாதிரி ஒரு பித்தளைத் தகடு. தண்ணீரில் இழுத்தால் தகடு கிறுகிறுவென்று சுழன்று ஜொலிக்கும். தண்ணீரையும் அதிர வைக்கும்.

மூன்றாவது, கரண்டி! ஆமாம், காம்பு இல்லாத சாப்பாட்டுக் கரண்டி. அமெரிக்காவில் ஜூலியோ பியூவெல் என்பவர் இளம் வயதில் படகில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். கரண்டி கை தவறித் தண்ணீரில் விழுந்தது. பளபளத்துக்கொண்டு அது ஆடி ஆடி இறங்கும்போது ஒரு பெரிய மீன் பாய்ந்து வந்து லபக்கென்று கௌவிக்கொண்டு போய்விட்டதாம். மனிதர் வீட்டுக்கு வந்து இன்னொரு கரண்டியின் காம்பை அறுத்து, முள்ளைப் பற்ற வைத்தார் என்பது கதை. கதை எப்படியோ, 1852-ல் அவர் இதற்குப் பேடண்ட் வாங்கியது நிஜம்.

"கரண்டி காணாமல் போனால் சமையல்காரியைச் சந்தேகப்படக் கூடாது என்று தெரிகிறது" என்றாள் அக்கா.

நான்காவது, விரல் நீளத்தில் ஒரு மீன் பொம்மை. இதன் சரித்திரம் இன்னும் ரஸமானது. பின்லாந்து தேசத்தில் லௌரி ரப்பாலா என்ற ஏழை மீன்காரர் இருந்தார். பெரிய மீன் இரை தேடும்போது கூட்டத்தில் எந்தக் குஞ்சு கொஞ்சம் தள்ளாடி நீந்துகிறதோ அதையே குறி வைத்துப் பாய்கிறது என்று கண்டுகொண்டார். 1936-ல் செருப்புத் தைக்கிற கத்தியால் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றி வருகிற ஜிகினாக் காகிதத்தை ஒட்டி, பழைய போட்டோ பிலிமை உருக்கி மேலே பூசினார். அந்தப் பொம்மை தள்ளாடி நீந்தியது. இன்று 'ரப்பாலா' என்றால் உலகமெங்கும் தெரியும்.

கடை வாசல் வெயில்

"இத்தனையில் எதை எடுப்பது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

மாமா இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தார் போலிருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பெட்டியைப் பார்த்து எடுக்கிறவன் முட்டாள். தண்ணியைப் பார்த்து எடுக்கணும். ஆத்தங்கரைக்குப் போனதும் முதல்லே ஒரு கல்லைப் புரட்டு. அடியிலே என்ன பூச்சி ஒட்டிண்டிருக்குன்னு பாரு. பழுப்பா இருக்கா, பச்சையா இருக்கா, எவ்வளவு பெரிசுன்னு பாரு. மீன் அன்னிக்குச் சாப்பிடறது அதைத்தான். டிரௌட் சாப்பாட்டிலே பெரும்பங்கு தண்ணிக்கு அடியிலேதான் நடக்கும். மேலே ஈ பறக்கிறதுன்னு மிதக்கிற ஈயையே போட்டுண்டு நிக்கப்படாது. மீன் மேலே வந்து வட்டம் போட்டாத்தான் அது."

அவர் சொன்ன மற்ற சூத்திரங்களையும் இங்கே தருகிறேன். மீன் பிடிக்கப் போகாதவர்களுக்கும் கேட்க வேடிக்கையாக இருக்கும்.

தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்து, வெயிலும் அடித்தால் சின்னதாகவும் மங்கலாகவும் போட வேண்டும். பழுப்பு, பாசி, செம்பு நிறங்கள். அப்போது மீனுக்கு நன்றாகக் கண் தெரியும். பகட்டைக் கண்டால் மிரளும். மழை பெய்து தண்ணீர் கலங்கியிருந்தால் பெரிதாக, பளிச்சென்று, அதிரும்படியாகப் போட வேண்டும். அதற்குத்தான் சுழல் தகடு. மீனின் விலாவில் தலையிலிருந்து வால் வரையில் ஒரு கோடு ஓடுகிறதே, அது வெறும் அழகுக்கு அல்ல. தண்ணீரின் அசைவை அதனால் உணர்ந்துகொள்கிறது. கண் தெரியாத கலங்கலில் அதுதான் அதற்குக் காது மாதிரி.

அந்தி மயங்கினால் கறுப்பு. "ஏன், வெள்ளை அல்லவா தெரியும்?" என்று கேட்டேன். மீன் கீழேயிருந்து மேலே பார்க்கிறது. மங்கிய வானத்துக்கு எதிரே கறுப்பு உருவந்தான் எடுப்பாகத் தெரியுமாம். சிவப்பை நம்பவே கூடாது. தண்ணீரில் ஆழம் போகப் போக முதலில் சாயம் போகிற நிறம் சிவப்பு. கரையில் குங்குமமாக இருந்தது அடியில் கருஞ்சாம்பலாகிவிடும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கடையில் விளக்கு வெளிச்சத்தில் புடவையைக் காட்டினால் நாம் நம்புகிறோமா? "கொஞ்சம் வாசல் பக்கம் கொண்டு வா அப்பா" என்று வெயிலில் பிரித்துப் பார்த்துவிட்டுத்தானே பேரம் பேசுகிறோம்? அதே சூத்திரந்தான். பார்க்கிறவர் எங்கே நின்று, எந்த வெளிச்சத்தில் பார்க்கப் போகிறார் என்பதுதான் கேள்வி.

"மீன் வரலேன்னா உடனே நிறத்தை மாத்தப்படாது" என்று தொடர்ந்தார் மாமா. "முதல்லே ஆழத்தை மாத்து. அப்புறம் இழுக்கிற வேகத்தை. அப்புறம் அளவை. நிறம் கடைசி. தண்ணி ரொம்பக் குளிர்ந்திருந்தால் மீன் சோம்பலா அடியிலே கிடக்கும்; மெதுவா, மூக்குக்கு நேரே கொண்டு போய்க் காட்டணும். தண்ணி சூடாயிட்டால்..."

"சூடானால்?"

"இருபது டிகிரிக்கு மேலே போயிட்டால் எதையும் போடாதே. தூண்டிலைச் சுருட்டிண்டு வீட்டுக்கு வா. அந்தச் சூட்டிலே அதுக்குப் பிராணவாயு போதாது. முள்ளிலே மாட்டிப் போராடினால், திருப்பி விட்டாலும் செத்துப் போயிடும். பேரனுக்கு இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கேன். முள்ளிலே இருக்கிற கொக்கிப் பல்லையும் இடுக்கியாலே நசுக்கிட்டேன். வேண்டாத மீனைக் காயம் இல்லாமல் கழட்டி விடலாம்."

இவ்வளவையும் சொல்லிக்கொண்டே ஒன்றொன்றாக ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்து வைத்தார். பழுப்பு ஈ ஆறு. பாசி நிறத்தில் அமிழும் ஈ ஆறு. பித்தளைச் சுழல் தகடு இரண்டு. செம்புக் கரண்டி ஒன்று.

பெட்டியின் கோடியில் ஓர் அறை மட்டும் மூடியிருந்தது. அதை அவர் திறக்கவில்லை.

"அதிலே என்ன மாமா?"

மாமா மாமியைப் பார்த்தார். மாமி ஜன்னலைப் பார்த்தாள்.

தொப்பிக்காரி

அந்த அறைக்குள் ஒரே ஒரு பொய் இரை இருந்தது. அதுவரையில் பார்த்தவை எல்லாம் பூச்சி என்றால் இது நகை! விரல் நீளத்துக்குச் சாம்பல் இறகு, வெள்ளி இழை, ஆரஞ்சுப் பட்டு நூல், உள்ளே மயில் தோகையின் இழைகள். தலைக்கு இரண்டு பக்கமும், கறுப்பில் தந்தப் பொட்டு வைத்தாற்போல ஒரு சின்ன இறகு. பார்த்தால் உயிருள்ள கண் என்றே தோன்றும்.

"இதுக்குப் பேர் கிரே கோஸ்ட். சாம்பல் பேய். இதைக் கற்பனை பண்ணினவள் ஒரு பொம்மனாட்டி. தொப்பிக்குப் பூவும் இறகும் வெச்சுத் தைக்கிறவள்" என்றார் மாமா.

அந்தப் பெண்மணியின் பெயர் கேரி ஸ்டீவன்ஸ். அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் மெயின் என்று ஒரு மாநிலம். அங்கே ரேஞ்ச்லி ஏரிகளின் அருகே, அப்பர் டாம் என்ற அணைக்கட்டுப் பக்கம் அவருடைய வீடு. புருஷன் வாலஸ், மீன் பிடிக்க வருகிற பட்டணத்துக்காரர்களுக்கு வழிகாட்டி. இந்த அம்மாள் பெண்களுக்குத் தொப்பி அலங்காரம் செய்து பழகியவர். பொய் இரை கட்ட அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

1924-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி. அன்று அவர் வீட்டு வேலையைப் பாதியில் நிறுத்தினார். மனத்தில் ஒரு யோசனை வந்துவிட்டது. அந்த ஏரியில் பெரிய டிரௌட்டுகள் தின்பது 'ஸ்மெல்ட்' என்ற வெள்ளிக் குஞ்சு மீனை. எல்லாரும் ஈயையே கட்டுகிறார்களே, அந்தக் குஞ்சு மீனை இறகினால் கட்டினால் என்ன? கட்டினார். வீட்டு வேலை போட்டது போட்டபடி இருக்க, தூண்டிலை எடுத்துக்கொண்டு அணைக்கட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் 6 பவுண்டு 13 அவுன்ஸ் மீன்! நம் கணக்கில் மூன்று கிலோவுக்கு மேல்.

'பீல்டு அண்டு ஸ்ட்ரீம்' என்ற பிரபல பத்திரிகை நடத்திய போட்டியில் அந்த மீனுக்கு அந்த வருஷத்தின் இரண்டாம் பரிசு கிடைத்தது. எதைப் போட்டுப் பிடித்தாள் என்று ஊர் முழுவதும் விசாரித்தது. ஆர்டர்கள் வந்து குவிந்தன. அன்று ஆரம்பித்த வழியில் அவர் பிறகு உண்டாக்கின பல இரைகளில் ஒன்றுதான் இந்தச் சாம்பல் பேய்.

மற்றவர்கள் முள்ளை ஓர் இடுக்கியில் பொருத்திக்கொண்டு கட்டுவார்கள். கேரி அம்மாள் விரல்களிலேயே பிடித்துக்கொண்டு கட்டினார். எதிரே ஆள் உட்கார்ந்தால் கட்ட மாட்டார். ரகசியம் என்ன தெரியுமா? இறகுகளை ஒவ்வொன்றாக முள்ளில் வைத்துக் கட்டாமல், சாம்பல் இறகு, அதன் மேல் வெள்ளிக் கோழி இறகு, அதன் மேல் கண் இறகு என்று முதலிலேயே ஒட்டி ஒரே இதழாகச் செய்துகொள்வார். அப்புறம்தான் முள்ளில் ஏற்றுவார். தொப்பிக்கு அலங்காரம் செய்கிற கை அல்லவா!

1953-ல் தொழிலை விற்றுவிட்டு அவர் ஓய்வு பெற்றார். 1970-ல் காலமானார். அதே வருஷம் மெயின் மாநிலத்தில் அவர் பெயரால் ஒரு நாளைக் கொண்டாடி, அப்பர் டாமில் ஒரு வெண்கலப் பலகையும் பதித்தார்கள். வீட்டு வேலையைப் பாதியில் விட்டதற்காகப் பலகை பதிக்கப்பெற்ற பெண்மணி வேறு யாராவது உண்டோ?

ஒரு கழுத்து

"இவ்வளவு அழகா இருக்கே, இதைப் பேரனுக்கு அனுப்பவில்லையா?" என்று நான் சும்மா கேட்டு வைத்தேன்.

"அவனும் அதைத்தான் கேட்டிருக்கான். 'துரை கொடுத்த அந்தக் கண் வெச்சது வேணும் தாத்தா'ன்னு" என்றார் மாமா.

"கேட்டால்? அது இந்த வாசற்படி தாண்டாது" என்றாள் மாமி.

பிறகு மாமியே சொன்னாள். அந்தக் கண் இறகு ஏதோ சீமைப் பறவையுடையது அல்ல, நம் காட்டுக்கோழியுடையது. தென்னிந்தியாவிலும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழ்கிற சாம்பல் நிறக் காட்டுக்கோழி. சேவலுக்குக் கழுத்தைச் சுற்றி இந்த இறகு இருக்கும். இறகின் நடுத் தண்டு விரிந்து, மெழுகு வார்த்த மாதிரிப் பளபளக்கிற பொட்டாகிறது. உலகத்தில் வேறு காட்டுக்கோழிக்கு இப்படிக் கிடையாது. அதனால்தான் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தூண்டில்காரர்களுக்கு இதன்மேல் அத்தனை மோகம். மீன் இரையின் கண்ணைப் பார்த்துப் பாய்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. எங்கோ மெயின் மாநிலத்தில் ஒரு தொப்பிக்காரியின் மேஜைமேல் இருந்த கண், நம் மலைச் சேவலின் கழுத்திலிருந்து போனது!

"கழுத்துன்னு விற்பாளாம். ஒரு கழுத்து, இரண்டு கழுத்துன்னு கணக்கு" என்றாள் மாமி. "துரை பெட்டியோட ஒரு கழுத்தும் கொடுத்துட்டுப் போனார். காகிதத்திலே சுத்தி வெச்சிருந்தது. எனக்கு என்னன்னு தெரியாது. அப்புறம் ஒரு நாள் எஸ்டேட் பக்கத்திலே ஒரு பையன் கண்ணி வெச்சுப் பிடிச்ச சேவலைக் காலைக் கட்டித் தலைகீழாத் தூக்கிண்டு போனான். உயிரோட. வெயில் பட்டுக் கழுத்து மின்னித்து. அப்பத்தான் காகிதத்திலே இருந்தது என்னன்னு புரிஞ்சுது. ராத்திரி இவரைக் கேட்டேன்: 'ஒரு மீன் பிடிக்க ஒரு கோழியா?'"

மாமா ஒன்றும் பேசவில்லை. இடுக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பதில் சொன்னாரா?" என்றாள் அக்கா.

"இன்னிக்கு வரைக்கும் சொல்லலே. மறுநாள் கழுத்தை எடுத்துண்டு போய் ரோஜாச் செடிக்கு அடியிலே புதைச்சேன். பார்த்துண்டே இருந்தார். தடுக்கலே."

1972-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுக்கோழியை வேட்டையாடுவது குற்றமாயிற்று. வெளிதேச வியாபாரத்துக்கும் சர்வதேச உடன்படிக்கையில் கட்டுப்பாடு உண்டு. மேல்நாட்டில் இப்போது பண்ணைகளில் வளர்த்த சேவல்களின் இறகை வாங்குகிறார்கள். பிளாஸ்டிக்கில் அச்சடித்த கண்ணும் விற்கிறது. பல பேர் கண்ணே வைக்காமல் கட்டுகிறார்கள். மீன்கள் இதைப் பற்றிப் புகார் செய்ததாகத் தெரியவில்லை.

சட்டம் வருவதற்கு முன்பே சட்டம் வந்துவிட்ட வீடு ஒன்று உதகமண்டலத்தில் இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

நெயில் பாலிஷ்

"அப்போ பேரனுக்கு ஏமாற்றந்தானா?" என்றேன்.

மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். திறந்தார். உள்ளே இன்னொரு சாம்பல் பேய்! அதே ஆரஞ்சு நூல், அதே வெள்ளி இழை. தலையின் பக்கத்தில் அதே கறுப்பு இறகு, தந்தப் பொட்டு.

"இதுவும் காட்டுக்கோழிதானா?" என்று பதறினேன்.

"நன்னாப் பாரு."

ஜன்னல் பக்கம் கொண்டு போய் வெளிச்சத்தில் பார்த்தேன். நாட்டுக்கோழியின் கறுப்பு இறகு. அதன் நுனியில் ஏதோ ஒரு பூச்சு, சொட்டு வைத்துக் காய்ந்திருந்தது. பொட்டு, அதற்குக் கீழே அதைவிடச் சின்னதாக இன்னொரு பொட்டு.

"இது..." என்று இழுத்தேன்.

மாமி என் கையிலிருந்து அதை வாங்கிப் பார்த்தாள். மூக்குக்கு அருகே கொண்டு போனாள். அவள் முகம் மாறியது.

"என் பேத்தி வெச்சுட்டுப் போன நெயில் பாலிஷ்! நாலு நாளாத் தேடறேன். வேலைக்காரியைக் கூடக் கேட்டுட்டேனே!"

"நான்தான் கரண்டி விஷயத்திலேயே சொன்னேனே!" என்றாள் அக்கா. கூடம் முழுவதும் சிரிப்பு.

"ஏன் மாமா, இதை மீன் நம்புமா?" என்று கேட்டேன்.

"நம்பும். எழுபத்து மூணிலே எமரால்டிலே போட்டுப் பார்த்தேன். அப்போ வீட்டிலே நெயில் பாலிஷ் ஏது? கடையிலே வாங்கின மஞ்சள் பெயிண்டு. மூணாவது வீச்சிலே வந்தது. உன் மாமிகிட்டே சொல்லலே."

"ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாள் மாமி.

"சொன்னால் நீ ஜெயிச்சுட்டேன்னு ஆயிடுமே!"

ஐம்பது வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்த பதில் அன்றைக்கு வந்து சேர்ந்தது. மாமி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், பார்சல் கட்ட நூல் கண்டை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். தீப்பெட்டியைப் பஞ்சில் பொதிந்து டப்பாவின் நடுவில் அவள் கையாலேயே வைத்தாள். துரை கொடுத்த பழைய பேய் அதன் அறையிலேயே இருந்துவிட்டது.

மறுநாள் விடியற்காலையில் மழை விட்டிருந்தது. அக்காவும் நானும் கொல்லைப்பக்கம் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் மாமி ரோஜாச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். மேலே சோலைக்காட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. நம் வீட்டுச் சேவலின் கூவல் போல நீளமில்லை, உடைந்து உடைந்து, "குக்... கயா... கயா... குக்" என்று.

மாமி நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டியா?" என்றாள் என்னைப் பார்த்து. "தொப்பிக்குச் சொந்தக்காரன் கூப்பிடறான்."